முப்பத்தைந்து குதிரை, ஒன்பது கொத்து

டிராக்டர் வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது, "இது எத்தனை ஹெச்.பி.?" அடுத்து விலை. அதற்கடுத்து மானியம். எந்தக் கலப்பையை மாட்டப் போகிறோம் என்ற பேச்சு நாலாவதாகத்தான் வரும். எந்த வயலில் இறக்கப் போகிறோம் என்ற யோசனை, வண்டி வீட்டு முற்றத்துக்கு வந்து, மாலை போட்டு, தேங்காய் உடைத்த பிறகு. இந்த வரிசையை அடியிலிருந்து மேலாகத் திருப்பிப் போட வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது திருவனந்தபுரம். நெல்லுக்குப் பேர்போன ஊரில் பிறந்தவன் நான். நெல் மறைந்துகொண்டிருந்த ஊருக்குப் போய்த்தான் உழவு இயந்திரத்தைப் புரிந்துகொண்டேன்.

எங்கள் ஊர் நாஞ்சில் நாட்டில் தோவாளைப் பக்கம். பேச்சிப்பாறை அணை 1906ல் கட்டி முடிந்ததிலிருந்து தண்ணீருக்கு ஓரளவு நிச்சயம் உள்ள பூமி. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம். கண்ணுக்கு எட்டிய தூரம் சமதளமான வயல்பற்று. திருவிதாங்கூரின் நெற்களஞ்சியமாக இருந்த நாஞ்சில் நாடு 1956 நவம்பர் 1ஆம் தேதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. மாநிலம் மாறினாலும், எங்கள் ஆட்கள் வேலைக்கும் வைத்தியத்துக்கும் சாலைக் கடைத்தெருவுக்கும் திருவனந்தபுரத்துக்குத்தான் பஸ் ஏறினார்கள். நானும் ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் முடித்த கையோடு, எண்பதுகளின் கடைசியில் அப்படிப் போனவன். நேமத்துக்குத் தெற்கே, உழவு வண்டிகளை வாடகைக்கு விடும் ஒரு ஷெட்டில் வேலை. இரண்டு டிராக்டர், சில பவர் டில்லர், ஓரமாகச் சாய்த்து வைத்த கலப்பைகள், சேற்றுக்கு மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரமான கேஜ் வீல் ஒரு ஜோடி. இவ்வளவுதான் ஷெட்டின் சொத்து.

ஷெட்டை நடத்திய ஆசான் களியக்காவிளைக்காரர். தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் வரும். அதிகம் பேசமாட்டார். ஒரு வண்டி வயலில் ஓடும்போது அவர் பார்ப்பது வண்டியை அல்ல, மண்ணை. வண்டிக்கு முதுகைக் காட்டி வரப்பில் நின்றுகொண்டு சத்தத்தை மட்டும் கேட்பார். "ஒரே சுதியில ஓடணும் மக்ளே. ஏறி எறங்குச்சுன்னா கலப்பையும் வண்டியும் சண்ட போடுதுன்னு அர்த்தம்" என்பார். அன்று எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. எங்கள் ஊரில் 35 ஹெச்.பி. வண்டியும், ஒன்பது கொத்து, அதாவது மண்ணைக் கீறும் ஒன்பது முனை உள்ள கலப்பையும் தாலி கட்டிய ஜோடி போல. ஒன்றைச் சொன்னால் மற்றது தானே வரும். யாரும் ஏன் என்று கேட்டதில்லை, கேட்க வேண்டிய தேவையும் வந்ததில்லை.

திருவனந்தபுரத்து நிலத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தேவை புரியும். மேட்டில் வெட்டுக்கல் பாறை, அல்லது வெள்ளாயணிப் பக்கம் போல ஆழமான சிவப்பு மண். சரிவில் தென்னையும் மரச்சீனி என்கிற மரவள்ளியும் வாழையும். இரண்டு மேட்டுக்கு நடுவில் தாழ்வாக ஒடுங்கி ஓடும் நெல்வயல்தான் ஏலா. ஏலாவில் ஒரு தட்டு 10 சென்ட், 15 சென்ட். அடுத்த தட்டு ஒரு முழம் கீழே இறங்கும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் நன்றாகக் கிடைக்கும் ஊர் என்பதால், இரு பக்கத்து மேட்டிலிருந்தும் ஊறி வரும் தண்ணீர் பல ஏலாக்களில் முழுசாக வடிவதே இல்லை. அதற்குப் போகும் வழியோ இரண்டு மதிலுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கும் இடவழி. மேட்டில் இரும்பைத் தேய்க்கும் மண், பள்ளத்தில் ஆளை விழுங்கும் சேறு. இரண்டுக்கும் நடுவே 200 மீட்டர் தூரம்கூட இருக்காது. ஒரே விவசாயியின் கையில் இரண்டும் இருக்கும். ஒரே வண்டியை அவர் இரண்டுக்கும் கேட்பார்.

பத்துச் சென்ட் தட்டுகள் வரிசையாகக் கிடந்த ஓர் ஏலாவில், ஒன்பது கொத்தை இறக்கிய எங்கள் டிராக்டர் நகரத் திணறியதை இன்றும் அப்படியே நினைவில் வைத்திருக்கிறேன். இஞ்சினில் குறை இல்லை. சக்கரம் சுற்றுகிறது. டயரின் பட்டைகளுக்கு நடுவே சேறு அப்பி, டயர் வழுவழுவென்று உருளையாக மாறிவிட்டது. ஆசான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். பையிலிருந்து சுண்ணாம்புக் கட்டியை எடுத்தார். பின் டயரின் பக்கவாட்டைத் துணியால் துடைத்து, மையத்திலிருந்து விளிம்பு வரை ஒரு கோடு போட்டார். கோடு தரையைத் தொடும் இடத்தில் வரப்போரம் ஒரு குச்சி. கலப்பையைத் தூக்கிக்கொண்டு டயர் பத்துச் சுற்று சுற்றும்வரை ஓட்டச் சொன்னார். அங்கே இன்னொரு குச்சி. நாடாவைப் பிடித்தோம்: 40 மீட்டர். அடுத்து ஒன்பது கொத்தையும் இறக்கி, அதே பத்துச் சுற்று. 27 மீட்டர்.

"டீசல் முழுசும் செலவாச்சு. மூணுல ஒரு பங்கு சேத்தக் கொழப்பிட்டுப் போச்சு, பாத்துக்கோ."

இந்தச் சுண்ணாம்புக் கோட்டு முறையை அவர் வெள்ளாயணி வேளாண் கல்லூரியில் நடந்த ஒரு பயிற்சியில் கற்றிருந்தார். 1955ல் தொடங்கிய அந்தக் கல்லூரி எங்கள் ஷெட்டுக்குக் கூப்பிடு தூரம். உறுதியான நிலத்தில் இந்த வழுக்கல் நூற்றுக்கு 10 முதல் 15 வரை இருந்தால் வண்டிக்கும் கலப்பைக்கும் பொருத்தம் சரி. அதாவது 40 மீட்டர் 34 வரை இறங்கலாம். அதற்குக் கீழே போனால் டயரும் டீசலும் தேய்கின்றன, உழவு நடப்பதில்லை. வழுக்கல் ஏறக்குறைய இல்லவே இல்லை என்றாலும் அதுவும் பொருத்தமின்மைதான்: வண்டியின் பலத்துக்கு வேலை போதவில்லை, தேவைக்கு மேல் இரும்பைச் சுமந்து திரிகிறோம். எந்தக் கருவியும் வாங்காமல், ஒரு நாடாவும் ஒரு சுண்ணாம்புக் கட்டியும் வைத்து, தன் வண்டியைத் தானே சோதித்துக்கொள்ள விவசாயிக்கு இதைவிட நல்ல வழியை இன்றுவரை நான் பார்த்ததில்லை. டிராக்டர் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஒரு முறையாவது இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்று சாயங்காலம் ஷெட்டில் உட்கார்ந்து அவர் போட்டுக் காட்டிய கணக்கு இது. வண்டியில் 35 என்று எழுதியிருப்பது இஞ்சினின் பலம். பின்னால் சுழன்று கருவிகளை ஓட்டும் பி.டி.ஓ. தண்டுக்கு வரும்போது அது 30ஐ ஒட்டி நிற்கும். கலப்பையை இழுக்கும் இடத்துக்கு வரும்போது உறுதியான தரையில் 20 சொச்சம். தொளியில், அதாவது உழவுச் சேற்றில், 10, 12 தேறினால் பெரிய காரியம். இனி கலப்பையின் பக்கம். இழுவையைக் கிலோவிலும் வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என்றும் எடுத்துப் பெருக்கி, 75ஆல் வகுத்தால் குதிரைத்திறன் வரும். எங்கள் ஊர் வண்டல் மண்ணில் ஒரு கொத்துக்கு 80 கிலோ இழுவை என்று வைத்துக்கொள்வோம். ஒன்பதுக்கு 720. மணிக்கு நாலரை கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு ஒன்றேகால் மீட்டரில் போனால் 12 குதிரைத்திறன் போதும். தோவாளையில் யாரும் ஏன் என்று கேட்காததற்குக் காரணம் இந்தத் தாராளம். அதே கலப்பையை வெட்டுக்கல் கலந்த மேட்டு நிலத்தில் இறக்கி, கொத்துக்கு 130 கிலோ ஆகிவிட்டால், தேவை 19.5. வண்டி அதன் எல்லையில் நிற்கிறது. ஒரு வேரில் மாட்டினால் முன்சக்கரம் தூக்கும். ஏலாவில் தேவை குறைவாக இருந்தாலும், சேற்றில் பிடிமானமே கிடைக்காததால் இருக்கிற பலமும் மண்ணுக்குப் போய்ச் சேராது.

மறுநாள் காலை ஆசான் செய்தது எளிய வேலை. மேட்டு நிலத்துக்குப் போகும் கலப்பையில் நாலு கொத்தைக் கழற்றினார். ஐந்து கொத்து, இடைவெளியை அகலமாக்கி, ஸ்பிரிங்கை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து மாட்டினார். 130 வீதம் ஐந்துக்கு 650 கிலோ. 11 குதிரைத்திறனுக்குள் அடங்கிவிட்டது. குறுக்கே ஒரு ஓட்டு, நெடுக்கே ஒரு ஓட்டு. இரண்டு ஓட்டு ஓடியும், ஒன்பது கொத்தோடு ஒரு ஓட்டு ஓடித் திணறியதைவிட டீசல் குறைந்தது. மண்ணும் ஆழமாகப் பிளந்தது. நிலத்துக்காரர், "அண்ணே, கலப்பையில பாதியைக் களவு கொடுத்துட்டீங்களா?" என்று கேட்டார். வேலை முடிந்தபோது அவரே வரப்பிலிருந்து இறங்கி வந்து ஒரு கட்டியைக் காலால் உடைத்துப் பார்த்துவிட்டு, அடுத்த வருஷமும் இந்தக் கலப்பையையே கொண்டுவரச் சொன்னார்.

கலப்பையும் டிராக்டரும் ஒரே உடம்பாக வேலை செய்ய வேண்டும் என்ற எண்ணத்தை உலகுக்குக் கொடுத்தவர் ஹாரி ஃபெர்குசன் என்ற அயர்லாந்துக்காரர். முதல் உலகப் போர்க் காலத்தில், 1917ல், அங்கிருந்த வேளாண் வாரியம் டிராக்டர்களின் வேலையைச் சீர்ப்படுத்தும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தது. வண்டிக்குப் பின்னால் சங்கிலியில் கட்டி இழுக்கும் கலப்பைகளைத்தான் அவர் எங்கும் பார்த்தார். கலப்பை கல்லில் மாட்டினால், இலேசான டிராக்டர் முன்பக்கம் எழும்பி ஓட்டுநர் மீதே கவிழும். பல ஆண்டு உழைப்பில் அவர் கண்டுபிடித்ததுதான் இன்று ஏறக்குறைய எல்லா டிராக்டரிலும் உள்ள மூன்று முனை இணைப்பு. கீழே இரண்டு கை, மேலே ஒரு கை. மண் இறுகி இழுவை கூடினால் மேல் கை அழுத்தப்படும். அந்த அழுத்தம் ஹைட்ராலிக் வால்வைத் தள்ளி, கலப்பையை ஒரு சிறு அளவு தூக்கும். கலப்பையின் எடையும் மண்ணின் எடையும் பின் சக்கரத்தில் இறங்கிப் பிடிமானம் கூடும். 1939ல் ஃபோர்டு நிறுவனத்தோடு சேர்ந்து வந்த 9என் வண்டி இதைப் பரவலாக்கியது. நம் ஊரில் 1960ல் சென்னையில் தொடங்கிய டாஃபே, அந்த ஃபெர்குசன் வழிவந்த மாஸி ஃபெர்குசனோடு கூட்டுச் சேர்ந்தது. நான் கை வைத்துப் பழகிய சிவப்பு வண்டி அந்த வம்சம்தான்.

இந்த இணைப்பை இயக்க இவ்வளவு அறிவோடு செய்த லிவரை நம் ஓட்டுநர்களில் பலர் தொடுவதே இல்லை. இருக்கைக்குப் பக்கத்தில் இரண்டு லிவர் இருக்கும். ஒன்று இழுவைக்கு ஏற்ப ஆழத்தை மாற்றும்; மற்றது சொன்ன உயரத்தில் கலப்பையை நிறுத்தி வைக்கும். மேட்டு உழவுக்கு முதலாவது, தொளி உழவுக்கு இரண்டாவது. இதை மாற்றிப் போட்டால் எவ்வளவு நல்ல ஜோடியும் கெட்ட ஜோடிதான். இணைப்பு ஊசியிலும் இப்படி ஒரு விஷயம் உண்டு. சிறிய வண்டிகளின் கீழ்க் கைக்கு 22 மில்லிமீட்டர் ஊசி, பெரிய வண்டிகளுக்கு 28. இரண்டு வகைக்கும் தனித்தனிக் கருவிகள் உண்டு. பெரிய ஓட்டையில் சிறிய ஊசியைப் போட்டு, இடைவெளியை அடைக்கும் புஷ் போடாமல் ஓட்டினால், கலப்பை ஒவ்வொரு திருப்பத்திலும் தடதடவென்று ஆடி, இரண்டு சீசனில் கையின் உருண்டையைத் தின்றுவிடும். சில ரூபாய் புஷ் அது.

சேற்றில் இழுவை போய்ச் சேராது என்றால் என்ன செய்வது? சக்கரத்தின் வழியே பலத்தை அனுப்பாமல், சுழலும் தண்டின் வழியே நேராக மண்ணுக்கு அனுப்புவது. பவர் டில்லரின் அடிப்படை இதுதான். எர்ணாகுளம் மாவட்டம் அத்தாணியில் 1973ல் தொடங்கிய கேரள அரசு நிறுவனமான காம்கோ, ஜப்பானின் குபோட்டா தொழில்நுட்பத்தில் 12 ஹெச்.பி. பவர் டில்லரைச் செய்தது. ஜப்பானின் சின்னச் சின்ன நன்செய் வயல்களுக்காக யோசித்த இயந்திரம். கேரளத்து ஏலாவுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி வந்து உட்கார்ந்தது. டிராக்டர் 1,700 கிலோ அளவு என்றால் இது அரை டன்னை ஒட்டிய எடை. பின்னால் ஏறக்குறைய இரண்டடி அகலத்துக்குக் கத்திகள் சுழலும். இரும்புச் சக்கரம் மாட்டி, இரண்டு ஆள் பிடித்து, பலகை போட்டு ஒரு தட்டிலிருந்து அடுத்த தட்டுக்கு வரப்பை உடைக்காமல் இறக்கிவிடலாம். அதில்தான் இதன் பெருமை. டிராக்டருக்கு ஒவ்வொரு தட்டிலும் வரப்பை வெட்டி வழி செய்து, முடிந்தபின் மறுபடி கட்ட வேண்டும். அந்தக் கூலியை யாரும் உழவுக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ரோட்டவேட்டர் எங்கள் பக்கம் பரவலாக வந்தது அதன் பிறகுதான். டிராக்டரின் பி.டி.ஓ.வில் ஓடும் பெரிய பவர் டில்லர் என்று வைத்துக்கொள்ளலாம். அதன் கத்திகள் சக்கரம் சுழலும் திசையிலேயே சுழல்வதால் மண்ணை வெட்டும்போதே வண்டியை முன்னால் தள்ளும். இழுவை வேண்டியதில்லை, அதனால் நனைந்த நிலத்தில் ஒன்பது கொத்து வழுக்கும் இடத்தில் ரோட்டவேட்டர் வழுக்காமல் போகும். ஆனால் அது பி.டி.ஓ. பலத்தை அடிவரை உறிஞ்சும். 35 ஹெச்.பி.க்கு 5 அடி, 45க்கு மேல் 6 அடி என்பது கைகண்ட அளவு.

நெல் விவசாயிகளின் சங்கமான ஒரு பாடசேகர சமிதிக்கு மானியத்தில் வந்த ஜோடி இந்த அளவை மீறியது: 35 ஹெச்.பி. வண்டியோடு 6 அடி ரோட்டவேட்டர். விற்றவர்கள் இரண்டையும் ஒரே லாரியில் இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். தண்டை வண்டிக்கு ஏற்றபடி வெட்டிக் கொடுக்கவும் இல்லை. பி.டி.ஓ. தண்டு ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு குழாய். கருவியைத் தூக்கும்போது நீளம் குறையும், இறக்கும்போது கூடும். குறையும் நிலையில் அடிமுட்டாமலும், கூடும் நிலையில் மூன்றில் ஒரு பங்காவது உள்ளே இருக்கும்படியும் வெட்ட வேண்டும். அவர்கள் தண்டு தூக்கிய உடனே அடிமுட்டியது. சுழலும் தண்டு, முட்டிய இடத்தில் கியர்பாக்ஸை உள்ளே தள்ளியது. தண்டின் மூட்டான கிராஸ் உடைந்து தெறித்தது. அருகில் ஆள் இல்லாதது அவர்கள் செய்த புண்ணியம். கிராஸை மாற்றிய பிறகு எங்களைக் கூப்பிட்டபோது வண்டி கரும்புகை கக்கிக்கொண்டு, இஞ்சின் சத்தம் இறங்கி இறங்கி, ஓட்டுநர் கிளச்சை விட்டு விட்டு ஓட்டிக்கொண்டிருந்தார். ஆசான் ஐந்து நிமிஷம் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "நிறுத்து" என்றார்.

நெய்யாற்றின்கரைப் பக்கம் பெரிய வண்டி வைத்திருந்த ஒருவரிடம் பேசி அந்த 6 அடியைக் கொடுத்து, அவரிடமிருந்த 5 அடியை வாங்கினோம். தண்டைத் தூக்கியும் இறக்கியும் அளந்து, வெட்டி, முனையை அரத்தால் தேய்த்து, கிரீஸ் வைத்து மாட்டினோம். பின் சக்கரத்தின் ரிம்மைத் திருப்பிப் போட்டு இரு சக்கர இடைவெளியைக் குறைத்தோம். ரோட்டவேட்டர் சக்கரத்தடத்தைவிடக் குறுகலாக இருந்தால் ஓரத்தில் டயர் தடம் அழியாமல் கிடக்கும். அதற்குப் பயந்துதான் பலர் பெரிய ரோட்டவேட்டரைக் கேட்கிறார்கள் என்பது என் அனுபவம். தடத்தைக் குறுக்க முடியும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

சின்னத் தட்டில் பெரிய வண்டி என்ன செய்யும் என்பதையும் அந்தச் சமிதி ஆட்களோடு உட்கார்ந்து கணக்கிட்டோம். 5 அடி, அதாவது ஒன்றரை மீட்டர் அகலம். மணிக்கு 3 கிலோமீட்டர் வேகம். நிற்காமல் ஓடினால் மணிக்கு 4,500 சதுர மீட்டர், 111 சென்ட். தட்டின் நீளம் 30 மீட்டர் என்றால், அதைக் கடக்க 36 நொடி. வரப்பில் நிறுத்தி, தூக்கி, திரும்பி, இறக்க 25 நொடி. தட்டு மாறுவதையும் சேர்த்தால் பாதிதான் உழவு, மீதி திருப்பம். மணிக்கூலி கொடுப்பது யார்? பத்துச் சென்ட்காரர். பெரிய பூமிக்காரருக்கு அதே வண்டி, அதே வாடகை, நூறு சென்டுக்குப் பக்கத்தில் உழவு. பொருத்தமில்லாத இயந்திரத்தின் நஷ்டம் எப்போதும் கடைசித் தட்டில் நிற்கும் சின்ன விவசாயியின் தலையில்தான் இறங்குகிறது. இதை நான் இத்தனை வருஷமும் மறக்கவில்லை.

தென்னந்தோப்புக் கணக்கு இதைவிடச் சுலபம். ஏழரை மீட்டர் இடைவெளியில் நட்ட தோப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். தென்னையின் ஊட்ட வேர்கள் பெரும்பாலும் அடிமரத்தைச் சுற்றி 2 மீட்டருக்குள் இருக்கும். அங்கே கலப்பை போகக் கூடாது. இரண்டு பக்கமும் 2 மீட்டர் விட்டால் நடுவில் மூன்றரை மீட்டர். 2 மீட்டர் அகல ஒன்பது கொத்தை அதில் ஓட்டினால், ஒரு தடவை போதாது, இரண்டாவது தடவை கால் பங்கு உழுததையே உழுவது, அல்லது வேரில் ஏறுவது. கொத்துகளை நெருக்கி ஒன்றே முக்கால் மீட்டருக்குக் கொண்டுவந்தால் இரண்டு நடையில் கச்சிதமாக முடியும். பழைய தோப்புகளில் வரிசை கிடையாது. அங்கே பவர் டில்லரும் மண்வெட்டியும்தான். சரிவில் மரச்சீனி போடுகிறவர்கள் டிராக்டரைக் குறுக்கே ஓட்டச் சொன்னால், வண்டி கவிழும் என்று ஆசான் மறுத்துவிடுவார். ஸ்ரீகாரியத்தில் 1963லிருந்து கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊர் இது. ஆனாலும் சரிவில் கிழங்குக்கு மண் கூட்டுவது பெரும்பாலும் இன்றும் மனிதக் கைதான்.

எனக்கு மனம் கனக்கும் விஷயம் ஏலாவின் அடித்தளம். தொளியாக்கும் வயலில் மேலே சேறு, அதற்கு அடியில் பல தலைமுறை மாட்டுக் குளம்பு மிதித்து இறுகிய தளம். அந்தத் தளம்தான் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. வண்டியையும் அதுதான் தாங்குகிறது. எடைக்காக டயரில் தண்ணீர் அடைத்த கனமான டிராக்டரை, கேஜ் வீலோடு இறக்கினால் அந்தத் தளம் உடையும். அந்த வருஷம் ஒன்றும் தெரியாது. அடுத்த வருஷம் அதே இடத்தில் வண்டி அச்சு வரை புதையும், தண்ணீர் நிற்காது. மேட்டுக்கு வேண்டும் என்று டயரில் அடைத்த தண்ணீரை ஏலாவுக்கு இறங்கும் முன் வெளியே விட்டாக வேண்டும். அரை நாள் வேலை என்று பலரும் செய்வதில்லை. வெள்ளாயணிக் காயலின் நீரை இறைத்து நெல் விதைத்த காலத்தைப் பற்றி முதியவர்கள் சொல்லும்போது, அந்தக் காயல் நிலத்தில் எந்த இயந்திரம் எவ்வளவு தூரம் போகும் என்பதை அவர்கள் அடி அடியாக அறிந்திருந்தது தெரியும். அந்த விவசாயம் நின்றுபோனது. புஞ்சக்கரிப் பக்கம் வயல் மிச்சம் இருக்கிறது.

எழுபதுகளின் நடுவில் கேரளத்தில் ஏறத்தாழ 8.8 லட்சம் ஹெக்டேரில் நெல் இருந்தது. இப்போது 2 லட்சத்தைச் சுற்றி. ரப்பர், வீட்டுமனை, கூலி, விலை என்று காரணங்கள் பல. 2008ல் நெல்வயலைக் காக்கச் சட்டம் வந்தது. சட்டம் வயலை மண் போட்டு மூடாமல் தடுக்கும், உழுது தராது. ஒரு போகத்துக்கு உழவுச் செலவு கட்டுபடியாகாத நிலம் தரிசாகக் கிடந்து, புல் மண்டி, கடைசியில் மூடப்பட்டதை என் கண்ணால் எத்தனையோ இடத்தில் பார்த்தேன். அந்த உழவுச் செலவில் ஒரு பங்கு, பொருந்தாத வண்டி தின்றது.

பிற்காலத்தில் கேரள அரசின் குடும்பஸ்ரீ திட்டத்துக் குழுக்களின் பெண்கள் தரிசு வயலைப் பாட்டத்துக்கு எடுத்து நெல் வைக்கத் தொடங்கினார்கள். அவர்களுக்குப் பவர் டில்லர் பழக்கிக்கொடுக்க ஷெட்டிலிருந்து என்னை அனுப்புவார்கள். ஆண்கள் முதலில் கேட்பது வேகத்தை. அந்தப் பெண்கள் முதலில் கேட்டது, திருப்பத்தில் எந்தக் கிளச்சை எப்போது பிடிக்க வேண்டும், கத்தியில் புல் சுற்றினால் எப்படி எடுப்பது. ஒரு அம்மா பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்து, "இது தளர்ந்தா பலம் கத்திக்குப் போகாதில்லையா தம்பி?" என்றார். பலம் எங்கே உண்டாகிறது, எதன் வழியே போகிறது, எங்கே கசிகிறது என்ற முழு விஷயமும் அந்தக் கேள்வியில் இருந்தது. அடுத்த சீசனில் அவர்களே பிளேடு மாற்றினார்கள்.

2014-15ல் மத்திய அரசின் இயந்திரமயத் திட்டம் வந்த பிறகு மானியம் தாராளமானது. எனக்கு மானியத்தின்மேல் குறையில்லை. அது இல்லையென்றால் அந்தக் குழுக்களில் பாதி இல்லை. மானியப் பட்டியலில் வண்டி ஒரு பக்கமும் கருவி ஒரு பக்கமும் தனித்தனியாக இருப்பதுதான் வருத்தம். கருவியின் பெயருக்குப் பக்கத்தில், இது எந்த மண்ணுக்கு, எத்தனை ஹெச்.பி.க்கு, எத்தனை அடி வழிக்கு என்று மூன்று கட்டம் சேர்த்தால் போதும்.

ஆசான் காலமாகிவிட்டார். நான் ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்தப் பக்கத்து ஆட்கள் போன் செய்கிறார்கள். போன மாதம் பாறசாலைப் பக்கமிருந்து ஒரு குழு: 40 ஹெச்.பி. வண்டி வாங்கலாமா, கூட 6 அடி ரோட்டவேட்டர். ஏலாவுக்கு இறங்கும் இடவழியின் மிகக் குறுகிய இடத்தை அளந்து சொல்லும்படி கேட்டேன். ஐந்தடி இரண்டு அங்குலம் என்றார்கள். அந்த வண்டியின் வெளி அகலமே ஐந்தரை அடி. இப்போது ஏலாவுக்குப் பவர் டில்லர் ஒன்று சொந்தமாக வாங்குவதென்றும், மேலே உள்ள தென்னந்தோப்புக்கு ஐந்து கொத்தோடு வாடகை வண்டி பிடிப்பதென்றும் முடிவாகியிருக்கிறது. டில்லருக்கு எந்த அகலத்தில் இரும்புச் சக்கரம் வேண்டும் என்று கேட்டு நேற்று மறுபடி கூப்பிட்டார்கள். ஏலாவில் மேல்தட்டு, நடுத்தட்டு, கீழ்த்தட்டு என்று மூன்று இடத்தில் இறங்கி நின்று, கால் எவ்வளவு ஆழம் புதைகிறது என்று அளந்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.